பதினாறு பட்டைக் கோபுரம்

கோணேரிஅள்ளிப் பச்சியப்பன் மேஸ்திரி ஒரு தப்பை ஒப்புக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. சுவர் விரிசல் விட்டால் சிமெண்டு சரியில்லை. கூரை ஒழுகினால் அந்த வருஷத்து மழை சரியில்லை. கதவு சாத்த மாட்டேன் என்று அடம் பிடித்தால் ஆசாரி எடுத்த அளவில் கோளாறு. இத்தனைக்கும் அவர் வேலையில் நிஜமாகவே குறை கண்டுபிடிப்பது கஷ்டம். பஸ்ஸில் போகும்போதே ஜன்னல் வழியாகப் பார்த்து, "அந்தச் செவுரு கால் இஞ்சு வெளிய தள்ளுது பாருங்க" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லும் கண் அவருடையது. பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிச் சொல்வார்.

வயது நாற்பத்தெட்டு. அப்பனுக்கு மானாவாரிக் காடு; கடலையும் ராகியும் வானத்தைப் பார்த்துக்கொண்டே விளையும் காடு. மழை இரண்டு வருஷம் ஏமாற்றியதும் பதினாறு வயதில் பெங்களூருக்கு ரயில் ஏறினார். நம்ம பக்கத்துப் பையன்கள் எல்லாரும் ஏறும் அதே ரயில்தான். அங்கே கலவை சுமந்து, செங்கல் சுமந்து, கன்னடத்தில் திட்டு வாங்கி, கன்னடத்தில் திட்டவும் கற்று, கொத்துக்கரண்டி பிடித்தார். முப்பது வயதில் மேஸ்திரியாக ஊர் திரும்பினார். நல்லம்பள்ளியில் ஆரம்பித்துக் காரிமங்கலம், மொரப்பூர் வரைக்கும் அவர் கட்டிய வீடுகள் நிற்கின்றன. இடையில் அப்பனும் ஆத்தாளும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த தங்கச்சி பானுமதியை அவர்தான் வளர்த்தார், நர்ஸுக்குப் படிக்க வைத்தார். அந்தப் பெண் சும்மா இல்லை. ஜெர்மன் பாஷையையும் படித்துப் பரீட்சை எழுதி, ஜெர்மனியில் லைப்சிக் என்கிற ஊருக்கு ஆஸ்பத்திரி வேலைக்குப் பறந்துவிட்டாள். வழியனுப்பப் போன மேஸ்திரி ஏர்போர்ட் தூணைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தூணில் பூச்சு வேலை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன் என்பது அவருடைய கட்சி.

இப்பேர்ப்பட்ட ஆளை வேடியப்பன் கோயிலில் வைத்துத்தான் விதி பிடித்தது.

நம்ம ஜில்லாவில் வேடியப்பன் இல்லாத ஊர் ஏது? ஏரிக்கரையில், காட்டோரத்தில், வேப்பமரத்தடியில் ஒரு கருங்கல் பலகை நிற்கும். அதில் வில்லோ கத்தியோ பிடித்த ஓர் ஆள் இருப்பான். என்றோ ஒரு காலத்தில், மாடு ஓட்டிக்கொண்டு போக வந்தவர்களோடு சண்டை போட்டு விழுந்தவன். அவனுக்கு நட்ட கல்லுக்கு எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, கிடா வெட்டிச் சாமியாகக் கும்பிடுகிறோம். கோணேரிஅள்ளி வேடியப்பனுக்கு மட்டும் ஒரு தனி விசேஷம். மற்ற ஊர்களில் அவர் நிற்பார், இங்கே உட்கார்ந்திருப்பார். மூன்றடிக் கல்லில் இடுப்புக்கு மேலே மட்டும் உருவம். ஒரு கையில் வில். முகமும் மார்பும் தலைமுறை தலைமுறையாக எண்ணெய்க் கை பட்டுப் பட்டு வழுவழுவென்று தேய்ந்துபோய், எது மூக்கு எது வாய் என்று தெரியாது. வெள்ளிக் கண் இரண்டு ஒட்டியிருப்பதால்தான் முகம் என்றே தெரியும். "உக்காந்த வேடியப்பன்" என்று சொன்னால் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் நம்ம ஊர்தான் நினைவுக்கு வரும்.

அவருக்குப் புதுக்கோயில் கட்ட வேண்டிய அவசியம் ரோட்டால் வந்தது. நம்ம பக்கம் பிள்ளைகள் வளர்கிறார்களோ இல்லையோ, ரோடு வளர்ந்துவிடும். பழைய தாரைச் சுரண்டுவதே கிடையாது. ஒவ்வொரு முறையும் அதன் மேலேயே அரையடி. போன ஐப்பசி மழையில் ரோட்டுத் தண்ணீர் மொத்தமும் கோயிலுக்குள் இறங்கி, வேடியப்பன் கழுத்தளவு சேற்றுத் தண்ணீரில் மூன்று நாள் கிடந்தார். ஊருக்கே மானக்கேடாகப் போயிற்று. தர்மகர்த்தா குப்புராஜ் ஊரைக் கூட்டினார். பழைய ஓட்டுக் கோயிலைப் பிரித்துவிட்டு விமானத்தோடு புதிது கட்டுவதென்று முடிவாயிற்று. "எங்கூட்டு சாமி வேலைங்க, கூலி பேச்சே கூடாது" என்று பச்சியப்பன் கையில் எடுத்துக்கொண்டார்.

எடுத்ததும் மேஸ்திரி செய்த முதல் காரியம், நம்ம பக்கத்து மேஸ்திரிகள் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் காரியம்தான். ரோட்டில் நின்று மட்டம் வைத்தார். ரோட்டை விட ஒன்றரை அடி மேலே தரைமட்டம். இன்னும் இருபது வருஷம் ரோடு ஏறினாலும் தண்ணீர் உள்ளே வராது. அஸ்திவாரம் தோண்டி, பேஸ்மட்டம் எழுப்பி, சுற்றிலும் கம்பி கட்டிக் கான்கிரீட் பெல்ட்டும் போட்டாயிற்று. கோயில் வாசலில் நிற்பவர்களிடமெல்லாம், "பாருங்க, எலி மூத்திரம் கூட உள்ள போவாது" என்று பெருமை அடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒருநாள் காலையில் தரை மட்டத்துக்கு நூல் கட்டினார். நூலின் ஒரு முனை முன்பக்கம், மறுமுனை கருவறைப் பின்பக்கம். நடுவில் வேடியப்பன். நூல் அவர் தலைக்கு மேலே இரண்டடி உயரத்தில் போனது.

சாமி நிற்கும் மண் ரோட்டை விட மூன்றரை அடி பள்ளம். ரோட்டுக்கு மேலே இவர் வைத்தது ஒன்றரை. ஆக ஐந்தடி. கல் மூன்றடிதான். தரை போட்டால் சாமி தரைக்கு அடியில். வீடு கட்டியே பழகிய கை. சாமி நகராமல் நிற்கும் இடத்திலிருந்து மட்டம் எடுக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

மேஸ்திரி பதறவில்லை. "கல்லத் தூக்கி மேல வெச்சுக்கலாம்" என்றார். குப்புராஜும் தலையாட்டி, வருகிற புதன்கிழமைக்குக் கிரேன் சொல்லிவிட்டார். தூக்குவதற்கு முன்னால் சாமிக்கு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் குளிப்பாட்ட வேண்டுமல்லவா? பூசாரி வெங்கடாசலம் வெள்ளிக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு, சீயக்காயும் அரப்பும் போட்டுத் தேய்த்தார். கறுப்புக் கரைந்து கல் நிறம் வந்தது. கூடவே, இடுப்பில் ஆரம்பித்துச் சரிவாக மண்ணுக்குள் இறங்கும் ஒரு மயிரிழை விரிசலும் வந்தது.

மேஸ்திரி பக்கத்தில் குந்தினார். விரலால் தடவினார், நகத்தால் கீறினார். மேல்கீறல் இல்லை. உள்ளே போகிறது.

"தூக்கறப்ப ஒடஞ்சா?" என்றார் பூசாரி.

"பெல்ட்டு போட்டு பூப்போல தூக்குவாங்க மாமா."

"நான் கேட்டது அதில்ல பச்சி. ஒடஞ்சா?"

மேஸ்திரி மறுபடி விரிசலைத் தடவினார். பூசாரி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒடஞ்சுதுன்னா கிரேன்காரன் பேர யாரும் சொல்ல மாட்டாங்க. வேடியப்பன ஒடச்சவன்னு உன் பேரத்தான் சொல்லுவாங்க. உன் பேரப்பிள்ள காலத்துக்கும் சொல்லுவாங்க. மட்டம் வெச்சவன் நீதான?"

அன்றிலிருந்து மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. பேஸ்மட்டத்தை இடித்துத் தாழ்த்தினால் ரோட்டுத் தண்ணீர் உள்ளே வரும். தாழ்த்தாவிட்டால் கல்லைத் தூக்கியாக வேண்டும். தூக்கினால் உடையும். கை வேலை ஓடவில்லை. சித்தாளைத் திட்டக்கூட மறந்துபோனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுவரையே வெறித்துக்கொண்டிருந்தவருக்கு பானுமதியின் வீடியோ கால் வந்தது. அங்கே காலை நேரம். அவளுக்குப் பின்னால் மரங்கள்.

"ண்ணா, இன்னிக்கி உனக்கு ஒண்ணு காட்டறேன். டெய்லி டிராம்ல இதத் தாண்டித்தான் டூட்டிக்குப் போறேன். இன்னிக்கிதான் எறங்குனேன். நீ பாத்தா வுட மாட்ட."

"எனக்கு மண்ட காயுது பானு. அப்புறமா காட்டு."

"ஒரு நிமிசம் பாருண்ணா" என்று போனைத் திருப்பினாள்.

மேஸ்திரி பார்த்தார். நாற்காலியில் நிமிர்ந்தார். பிறகு எழுந்தே நின்றுவிட்டார்.

வெள்ளைச் சுவர். வாசலுக்கு ஏறிப் போகும் அகலமான படிகள். அதற்கு மேலே, கூடாரம் அடித்தது மாதிரி ஒரு கோபுரம், பட்டை பட்டையாகக் குறுகிக் குறுகி மேலே போய், போய், இன்னும் போய், உச்சியில் ஒரு தங்கக் குமிழாக முடிந்தது. வெங்காயத்தை நிறுத்தி வைத்தது போன்ற குமிழ். அதன் தலையில் சிலுவை. பின்னால் வெளுத்த வானம்.

"நிறுத்து, நிறுத்து. போன மேல கொண்டு போ. மெதுவா. மெதுவான்னு சொல்றேன்ல! என்னா கோயிலு இது?"

"ரஷ்யாக்காரங்க கட்டுன சர்ச்சுண்ணா."

"ரஷ்யாக்காரனுக்கு ஜெர்மனியில என்னா வேல? அது கெடக்கட்டும், கோபுரம் எத்தன பட்ட? சுத்தி வந்து எண்ணு."

பானுமதி சுற்றி வந்து எண்ணினாள். பாதியில் டிராம் சத்தத்தில் கணக்கு விட்டுப்போய், திட்டு வாங்கி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். "பதினாறுண்ணா."

"பதினாறா!" மேஸ்திரியின் குரல் கீச்சிட்டது. காரிமங்கலம் பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயிலுக்கு எட்டுப் பட்டை விமானம் கட்டியவர் அவர். எட்டுப் பட்டையும் ஒரே புள்ளியில் சேர அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கடைசியில் அரை இஞ்சு விலகிப்போனதைப் பூச்சில் மறைத்தார். "எவ்ளோ ஒசரம்?"

"அம்பத்தஞ்சு மீட்டருன்னு இங்க பலகையில போட்டிருக்குது."

"நூத்தியெம்பது அடி. அம்மாடியோ! நூத்தியெம்பது அடி ஒசரத்துல பதினாறு பட்ட ஒரு புள்ளியில சேருது. எத்தன வருசம் கட்டுனாங்களாம்?"

"1912 கடைசியில அஸ்திவாரக் கல்லு நட்டாங்களாம். 1913 அக்டோபர்ல தொறந்துட்டாங்களாம்."

"வருசம் கூட ஆவலயா? ஏய், ஒழுங்கா படி. நம்ம குப்புராஜ் வூடே ரெண்டு வருசம் இழுத்துச்சு."

"அப்பிடித்தான்ணா போட்டிருக்குது." சிரித்தாள். பிறகு அவள் குரல் மாறியது. "ண்ணா, இது சும்மா கும்புடறதுக்குக் கட்டுனது இல்ல. செத்தவங்களுக்காகக் கட்டுனது."

பானுமதி பலகையில் இருந்ததைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். 1813இல் நெப்போலியனை எதிர்த்து நாலைந்து நாட்டுப் படைகள் இந்த ஊரைச் சுற்றித்தான் சண்டை போட்டன. நாலு நாள் நடந்தது. ரஷ்யப் படையில் மட்டும் விழுந்தவர்கள் இருபத்திரண்டாயிரம் பேர். சொந்த ஊருக்கு ஆயிரக்கணக்கான மைல். யாரைத் தூக்கிக்கொண்டு போக முடியும்? விழுந்தவர்கள் விழுந்த மண்ணிலேயே கிடந்தார்கள். நூறு வருஷம் கழித்து, அவர்களுடைய நாட்டுக்காரர்கள் இங்கே வந்து இந்தக் கோயிலைக் கட்டினார்கள்.

"கோபுரம் ஏன் இப்பிடி இருக்குதுன்னா, மாஸ்கோ பக்கத்துல ஆத்தோரமா ஒரு பழங்கால கோயிலு இருக்குதாம்ணா. அதப் பாத்து வரைஞ்சிருக்காங்க. கெடக்கறவங்களுக்கு அவங்க ஊரு கோயிலாட்டமே இருக்கட்டும்னு நெனச்சாங்களோ என்னமோ."

இருபத்திரண்டாயிரம் பேர். மேஸ்திரி நல்லம்பள்ளியை நினைத்துப் பார்த்தார். சுற்றியுள்ள அள்ளி என்று முடியும் ஊர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். எல்லா வீட்டு ஆட்களையும் வெளியே கூப்பிட்டு வரிசையாகப் படுக்க வைத்த மாதிரி ஒரு காட்சி மனசில் வந்தது.

"உள்ள போய்க் காட்டு."

"உள்ள படம் எடுக்கக் கூடாதுண்ணா. போன கட் பண்ணாத, பையில வெச்சுக்கறேன். கேளு."

திரை இருட்டானது. செருப்புச் சத்தம், கதவுச் சத்தம். அப்புறம் பாட்டு. மேளம் இல்லை, ஆர்மோனியப் பெட்டி இல்லை, மைக் இல்லை. மனுஷக் குரல்கள் மட்டும், அடியில் கனத்த ஆண் குரலும் மேலே மெல்லிய பெண் குரலுமாக ஏறி, எங்கேயோ உச்சியில் முட்டித் திரும்பி வந்தன. குரல் திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்தே அந்தக் கூடம் எவ்வளவு உயரம் என்று மேஸ்திரி உணர்ந்தார். காதில் போனை ஒட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, கோணேரிஅள்ளி வெயிலில் நின்றார். கண்ணில் தண்ணீர் வந்ததை அவரே அப்புறம்தான் கவனித்தார்.

கொஞ்ச நேரத்தில் பானுமதி வெளியே வந்தாள். "ண்ணா, நடுவுல ஒரு தூண் கூட இல்ல. அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது. ரஷ்யா ராஜா குடுத்த பெரிய சரவெளக்கு ஒண்ணு தொங்குது. எதுத்தாப்புல செவுரு பூரா சாமி படம், அடுக்கு மேல அடுக்கா. ஆனா நீ பாத்தது மேல் கோயிலுதான். இதுக்குக் கீழ இன்னொண்ணு இருக்குது."

"கீழயா?"

"ஆமா. சண்டையில செத்தவங்கள்ல கொஞ்சம் பேரோட எலும்ப பொட்டியில வெச்சு அங்கதான் வெச்சிருக்காங்க. பேரு தெரியாதவங்களும் இருக்காங்களாம். அவங்க கீழ. கும்புடற ஜனங்க மேல."

"செத்தவங்கள மேல தூக்கிட்டு வந்து வெக்கலயா?"

"எதுக்குண்ணா தூக்கணும்? அவங்க எடம் கீழதான். கோயிலுதான் அவங்க மேல எழும்பியிருக்குது."

"பானு, போன வையி" என்றார் மேஸ்திரி. அவள் என்ன ஏது என்று கேட்பதற்குள் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

கோயிலில் யாரும் இல்லை. நூல் அப்படியே கட்டிக் கிடந்தது. டேப்பை எடுத்தார். பழைய மண்ணிலிருந்து தரை மட்டம் ஐந்தடி. தளத்துக்கு அரையடி போனால் நாலரை. ஆள் நிமிர்ந்து நிற்க ஏழடி வேண்டும். இன்னும் இரண்டரை அடி கீழே தோண்டினால் வேடியப்பனைச் சுற்றி ஒரு கீழ்க்கோயில். இறங்கிப் போகப் படிக்கட்டு. தண்ணீர் ஊறினால் ஒரு மூலையில் தொட்டி, ஒரு சின்ன மோட்டார். மேலே ஜனம் கூடி நிற்க மண்டபம். கல்லை ஓர் இஞ்சுகூட அசைக்க வேண்டாம். செங்கல் துண்டால் பேஸ்மட்டச் சுவரிலேயே வரைந்து பார்த்தார், அழித்தார், மறுபடி வரைந்தார்.

திங்கட்கிழமை காலையில் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது. மேஸ்திரி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பூசாரி வெங்கடாசலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "சாமிய குழியில வுட்டுட்டு நாம மேல நின்னு அவரு தல மேல மிதிக்கறதா? உனக்கு புத்தி கித்தி பெசகிடுச்சா?"

"மிதிக்க மாட்டோம் மாமா. அவரு தலைக்கு மேல தளமே போடப்போறதில்ல. அந்த எடத்துல மட்டும் தொறந்து வுட்டு, சுத்தி கம்பி வெச்சுடுவேன். கீழ இருந்து விமானத்து உச்சி வரைக்கும் வெறும் ஆகாசம். நடுவுல தூண் கெடையாது. மேல நிக்கறவங்க எட்டிப் பாத்துக் கும்புடலாம், கிட்ட போவணும்னா படியில எறங்கிப் போவலாம்." போனில் பானுமதி அனுப்பியிருந்த படங்களைக் காட்டினார்.

குப்புராஜ் வாங்கிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "வேதக்கோயில பாத்தா நம்ம கோயில கட்டறது? ஊரு சிரிக்காதாய்யா?"

மேஸ்திரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தலைவரே, அது சண்டையில செத்த ஆளுங்களுக்குக் கட்டுனது. நம்மாளு மட்டும் யாருங்க? அவரும் சண்டையில செத்த ஆளுதான?"

தெரியாத விஷயம் இல்லை. ஆனால் வேடியப்பனைச் செத்த ஆள் என்று அந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்ன மேஸ்திரியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டே தொடர்ந்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"அந்த ரஷ்யாக்காரங்க இருபத்திரண்டாயிரம் பேருங்க. நூறு வருசம் கழிச்சு வந்தவங்களுக்கு அந்த மொகம் ஒண்ணு கூடத் தெரிஞ்சிருக்காது. ஆனாலும் கெடக்கறவங்கள கீழயே வுட்டு அவங்க மேல நூத்தியெம்பது அடி எழுப்பியிருக்காங்க. நாம ஒரே ஒரு ஆள கிரேன்ல கட்டித் தூக்கறோம். எதுக்குங்க தூக்கறோம்? நான் ரோட்டுல நின்னு மட்டம் வெச்சேன், அதுக்குத்தான். சாமிகிட்ட நின்னு வெச்சிருக்கணும். தப்பு என்னுதுங்க."

ஊரே அவரைப் பார்த்தது. சிமெண்டின் மேல் பழியில்லை, மழையின் மேல் பழியில்லை. பச்சியப்பன் மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். குப்புராஜ் போனை எடுத்துக் கிரேன்காரனுக்குப் போட்டார். "வர வேணாம்பா" என்றார்.

பூசாரி மட்டும் இறங்கி வரவில்லை. "தோண்டறப்ப சாஞ்சுதுன்னா?" என்றார்.

"நான் அடியில இருப்பேன் மாமா. சாஞ்சா என் மேலதான் சாயும்."

மறுநாள் தோண்ட ஆரம்பித்தார். கடப்பாறை கூடாது, மண்வெட்டி கூடாது. கல்லைச் சுற்றி வைக்கோல் பிரி சுற்றி, நாலு பக்கமும் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து, மணல் மூட்டை அடுக்கி, ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். அவரோடு பதினைந்து வருஷமாக வேலை செய்யும் கொத்தனார் முருகேஷ் மட்டும் துணை. கல்லுக்கு ஒரு சாண் வரைக்கும் முருகேஷ் சுரண்டலாம். கல்லை ஒட்டிய மண்ணில் மேஸ்திரியின் கைதான் படலாம். கரண்டி முனையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து, உள்ளங்கையால் அள்ளிச் சட்டியில் போட்டார். விரிசலைத் தொடும்போதெல்லாம் "தாங்குடா சாமி, தாங்குடா சாமி" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் முருகேஷ்தான் முதலில் பார்த்தான். "ணா, கல்லு இங்கயும் கொத்தியிருக்குதே. வெறும் கல்லு இல்ல. தொட மாதிரி இருக்குது."

மேஸ்திரி தடவிப் பார்த்தார். தொடைதான். ஆனால் உட்கார்ந்தவனுக்கு மடங்கியிருக்க வேண்டிய தொடை, நேராகக் கீழே போனது. இன்னும் சுரண்டினார். முழங்கால் வந்தது. விரிசல் அந்த முழங்காலின் குறுக்கே ஓடி மறுவிளிம்புக்கு நாலு விரல் முன்னால் நின்றிருந்தது. கொஞ்சநேரம் மணல் மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கால் முழுசாக வெளியே வந்தது. பூவாளியில் தண்ணீர் வாங்கி மெல்ல ஊற்றிக் கழுவினார். சேறு வழிந்து இறங்க இறங்க, முருகேஷ் "ஆத்தாடி" என்று பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டான்.

இரண்டு கால்கள். இடது கால் பின்னால் ஊன்றி, குதிகால் தூக்கி, வலது கால் முன்னால் எட்டு வைத்திருந்தது. கணுக்காலில் வீரக் கழல். எண்ணெய் படவில்லை, கை படவில்லை, மழை படவில்லை. எத்தனையோ நூறு வருஷம் மண் மூடிக் காப்பாற்றிய கால்கள். உளி நேற்றுத்தான் பட்டது போல இருந்தன. முகம் முழுக்கத் தேய்ந்துபோன அந்த ஆளுக்குக் கால்விரல் நகம் வரைக்கும் இருந்தது. பெருவிரல் தரையை அழுத்திய இடத்தில் சதை கொஞ்சம் பிதுங்கியதைக்கூட அந்தக் காலத்துக் கல்தச்சன் விடவில்லை.

செய்தி தெருவெல்லாம் பரவியது. அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஜனம் ஓடி வந்தது. பேஸ்மட்டத்தைச் சுற்றி நின்று கீழே பார்த்தார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்த குப்புராஜ் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையைக் கூப்பினார்.

பூசாரி வெங்கடாசலம் ஏணியில் இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். இடுப்பைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், தூக்கிய குதிகாலைப் பார்த்தார். பிறகு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உக்காந்திருக்காரு, உக்காந்திருக்காருன்னு எங்கப்பன் சொன்னாரு. நானும் அதையே சொல்லிப் பூச பண்ணுனேன்" என்றார். "நம்மாளு ஒரு நாளும் உக்காரலயேடா பச்சி. ஓடிட்டுல்ல இருந்திருக்காரு. மாட்ட மீக்க ஓடிட்டுல்ல இருந்திருக்காரு."

மேஸ்திரி அந்தக் கால்களுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். உடம்பெல்லாம் சேறு. சேற்றுக் கையாலேயே முழங்காலின் குறுக்கே ஓடிய விரிசலைத் தொட்டுக் காட்டினார்.

"தூக்கியிருந்தா இங்க வுட்டுப் போயிருக்கும் மாமா. மேல் பாதிதான் கிரேனோட போயிருக்கும். காலு ரெண்டும் கீழயே கெடந்திருக்கும், நமக்குத் தெரிஞ்சே இருக்காது. அடியில வேற ஏதோ வெறுங்கல்லுன்னு நெனச்சு, அது மேல நான் ஜல்லி கொட்டி, தளம் போட்டு, டைல்ஸ் ஒட்டி, மட்டமும் பாத்திருப்பேன்." அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. "மட்டம் கச்சிதமா இருந்திருக்கும் மாமா" என்று சொல்லிவிட்டு, ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

பூசாரி அவரை விலக்கவில்லை. மேலேயிருந்து யாரோ நீட்டிய சொம்பை வாங்கி, மேஸ்திரியின் கைகளின் மேலும் வேடியப்பனின் பாதங்களின் மேலும் சேர்த்தே தண்ணீர் ஊற்றினார்.